தீவுக்குப் பாறை ஏறப் போகும் முன் கயிற்றை அளந்துகொள்ளுங்கள்

கிரேக்க நாட்டின் தென்கிழக்கு ஓரத்தில், துருக்கிக் கரைக்கு அருகே, கலிம்னோஸ் என்னும் சிறு தீவு இருக்கிறது. கடலில் மூழ்கிக் கடற்பஞ்சு எடுத்துப் பிழைத்தவர்களின் ஊர் அது. 1990களின் பிற்பகுதியில் இத்தாலியரான ஆந்த்ரேயா டி பாரி அங்குள்ள சுண்ணாம்புப் பாறைகளில், கயிற்றை மாட்டுவதற்கான உலோக ஆணிகளாகிய போல்ட்டுகளை அடித்து முதல் ஏறுபாதைகளை அமைத்தார். இன்று 3,000க்கும் மேற்பட்ட பாதைகளோடு, இப்படி நிலையாகப் பதித்த போல்ட்டுகளில் கயிற்றை மாட்டி ஏறும் ஸ்போர்ட் கிளைம்பிங் செய்பவர்கள் உலகெங்கிலுமிருந்து தேடிவரும் இடமாக அது விளங்குகிறது. பாறை ஏற்றப் பயிற்சியாளராக நானும் சிறு குழுக்களை அங்கே அழைத்துச் சென்று வருகிறேன். எந்த மாதம் போகலாம், எங்கே தங்கலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள்; கயிறு எத்தனை மீட்டர் இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அந்தக் கேள்வியைத்தான் நான் முதலில் எதிர்பார்க்கிறேன்.

ஏறுபவர் உச்சியிலுள்ள ஆங்கரில், அதாவது பாதை முடியுமிடத்து உலோகப் பிடிப்பில், கயிற்றை மாட்டியபின், கீழே நிற்பவர் அவரை மெல்ல இறக்கும்போது, கயிறு மேலே போய்த் திரும்பி வருகிறது. ஆகவே 70 மீட்டர் கயிறு அதிகபட்சம் 35 மீட்டர் பாதைக்கே போதும். இடுப்பில் போடும் முடிச்சுக்கும், கீழே நிற்பவர் பாறையை விட்டுத் தள்ளி நிற்பதற்கும் போக, உண்மையில் அதைவிடக் குறைவு. கலிம்னோஸில் 30 மீட்டரைத் தாண்டும் பாதைகள் ஏராளம். சில பாதைகளில் முதல் ஆங்கருக்கு மேல் நீட்சியாக இரண்டாவது ஆங்கரும் இருப்பதால், ஏறும் உற்சாகத்தில் அதையும் தொட்டுவிட வேண்டும் என்று தோன்றும். அதனால் என் குழுவினரை 80 மீட்டர் கயிற்றோடு வரச் சொல்கிறேன்.

சில பருவங்களுக்கு முன் ஒரு பிற்பகலில், பக்கத்துப் பாதையில் ஏறிய இருவரை இன்னும் நான் மறக்கவில்லை. அவர்களிடம் இருந்தது 70 மீட்டர் என்று வாங்கிய கயிறு. நுனிகள் தேய்ந்ததால் இரு முறை வெட்டியதில் அது ஏறக்குறைய 65 மீட்டராகச் சுருங்கியிருந்தது. நடுப்பகுதியைக் காட்டும் மைக்குறியும் அதனால் இடம் மாறியிருந்தது. 34 மீட்டர் பாதையின் உச்சியிலிருந்து ஏறியவரை இறக்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய கால்கள் தரைக்கு மேலே ஓராள் உயரத்தில் இருக்கையில் கயிறு தீர்ந்துவிட்டது. நுனியில் முடிச்சு இருந்ததால், கீழே நிற்பவர் கயிற்றைக் கட்டுப்படுத்தும் பிடிகருவியில் அது வந்து சிக்கி நின்றது. முடிச்சு இல்லாமலிருந்தால் கயிறு கருவியை விட்டு நழுவியிருக்கும். கற்கள் நிறைந்த அந்தச் சரிவில் விழுபவர் உருண்டுகொண்டே போவார். ஏறத் தொடங்கும் முன், கயிற்றின் மறுநுனியில் முடிச்சு இருக்கிறதா என்று ஏறுபவரும் கயிறு பிடிப்பவரும் ஒருவருக்கொருவர் சொல்லிச் சரிபார்ப்பது, இடுப்பு முடிச்சைச் சரிபார்ப்பதற்கு இணையானது. தானே பிடிக்கும் வகைக் கருவியும் நுனி நழுவிப் போவதைத் தடுக்காது என்பதை அனுபவசாலிகளே மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து வருவது கடல். உப்புக் காற்று படும் பாறையில் துருப்பிடிக்காத எஃகும் நம்பத்தக்கதல்ல. உப்பிலுள்ள குளோரைடும் உலோகத்தின் உள்ளிறுக்கமும் சேர்ந்து மயிரிழை விரிசல்களை உண்டாக்குகின்றன. மேற்பரப்பு பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே வலு போயிருக்கலாம். தாய்லாந்தின் கிராபி கடற்கரையில் இப்படி உடைந்த போல்ட்டுகளுக்குப் பதிலாக டைட்டானியம் போல்ட்டுகள் பதிக்கப்பட்டன. எனவே எந்தத் தீவுக்குப் போனாலும், அந்தப் பாதைகளில் எப்போது, எந்த உலோகத்தில் போல்ட் மாற்றினார்கள் என்று உள்ளூர் ஏற்றக் கடையில் கேளுங்கள். துரு வழிந்த கறையோ, அசையும் போல்ட் தலையோ கண்ணில் பட்டால் வேறு பாதைக்குப் போய்விடுங்கள்.

பருவம் எளிது: மார்ச் பிற்பகுதியிலிருந்து மே வரை, பிறகு செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை. கலிம்னோஸிலுள்ள மாசூரி ஊருக்கு மேலுள்ள பாறைகள் பெரும்பாலும் மேற்கு நோக்கியவை; ஆகையால் காலையில் நிழலும் பிற்பகலில் சுடு வெயிலும் இருக்கும். விடியலில் ஏறத் தொடங்கி நண்பகலில் இறங்கிவிடுவதே என் வழக்கம். தலைக்கவசத்தைக் கீழே இருப்பவரும் அணிய வேண்டும், ஏனெனில் மேலே மேயும் ஆடுகள் கற்களை உருட்டிவிடுகின்றன.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, கிரேக்கம் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்காக 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் அதற்காக வாங்கும் மலிவான பாலிசிகள் பல, பாறை ஏற்றத்தை விலக்குப் பட்டியலில் வைத்திருக்கின்றன. அந்தப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். ஏற்றமும் மீட்புச் செலவும் அடங்கும் பாலிசியைக் கேட்டு வாங்குங்கள். அங்கே வாடகை ஸ்கூட்டர் எடுக்கப்போகிறவர்கள், பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியில் இருசக்கர வாகனப் பிரிவும் முத்திரையிடப்பட்டிருக்கிறதா என்று ஊரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விபத்து நேரும்போது காப்பீடும் கைவிடும்.

அவசர எண் 112. ஒவ்வொரு காலையும் பாறைப்பகுதியின் பெயரையும் பாதையின் பெயரையும் கைபேசியில் எழுதி வைக்கச் சொல்கிறேன். காயம்பட்டவர் அருகே பதறி நிற்கும்போது அந்தப் பெயர்கள் நினைவுக்கு வருவதில்லை. அன்று முடிச்சால் பிழைத்த இருவரும், மறுநாள் காலையில் ஊர்த் தெருவில் கயிற்றை விரித்துப்போட்டு, கையால் முழம் முழமாக அளந்து, புதிய நடுக்குறியை வரைந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன்.