சிமுலேஷன்ல சுக்கான் யார் கையில இருந்துச்சுன்னு கேளுங்க

புது துறைமுகத்துக்கு கப்பல் வந்து போற சேனல் தோண்டணும், அகலம் எவ்வளவு வேணும்னு ஒரு கம்ப்யூட்டர் சிமுலேஷன் ரிப்போர்ட் வரும். கப்பல் போன தடமெல்லாம் கலர் கலரா சேனலுக்குள்ளயே இருக்கும், பாக்கவே அழகு. நான் முதல்ல தேடுறது, சுக்கான் யார் கையில இருந்துச்சுங்கறதைத்தான்.

ஃபாஸ்ட் டைம் ரன்னா, அதாவது கம்ப்யூட்டரே நிஜ நேரத்தை விட வேகமா ஓட்டிப் பாக்குறதுன்னா, மனுஷனே கிடையாது, ஆட்டோபைலட்தான். கப்பல் எப்படி நகரும்ங்கற கணக்கு எப்பவோ தேறிடுச்சு, சுக்கானைத் திருப்புனா கப்பல் எவ்வளவு திரும்பும், எவ்வளவு லேட்டா திரும்பும்னு 1957லயே நோமோட்டோங்கற ஜப்பான் ஆய்வாளர் K, Tன்னு ரெண்டே எண்ணுல அடக்கிட்டாரு. ஓட்டுற ஆளைத்தான் அப்படி அடக்க முடியல.

ஆட்டோபைலட் தடம் லேசா விலகுனாலே ஒரு டிகிரி, அரை டிகிரின்னு சுக்கானை ஆட்டிக்கிட்டே இருக்கும். கப்பலை ஓட்டுற பிரிட்ஜ்ல அப்படியா நடக்குது? துறைமுகத்துல வழிகாட்டுற பைலட் "ஸ்டார்போர்ட் டென்"னு (வலது பக்கம் 10 டிகிரி) சொல்லணும், வீலைப் பிடிச்சிருக்குற ஹெல்ம்ஸ்மேன் அதையே திருப்பிச் சொல்லணும், வீலைத் திருப்பணும், சுக்கான் அங்க போய்ச் சேரணும் (சோலாஸ்ங்கற சர்வதேச கப்பல் பாதுகாப்பு விதிப்படி ஒரு பக்கம் 35 டிகிரில இருந்து மறுபக்கம் 30க்கு வர 28 செகண்ட் வரைக்கும் ஆகலாம்), அதுக்கப்புறமும் லோடு ஏத்துன பெரிய டேங்கர் சட்டுனு அசையாது. அசையலையேன்னு புது ஆளு "ட்வென்டி"ம்பாரு, அப்புறம் திரும்ப ஆரம்பிச்சா நிக்கவே நிக்காது. பழகுன பைலட் கப்பல் திரும்புற வேகத்தைக் காட்டுற ரேட் ஆஃப் டர்ன் முள்ளு ஏறுற வேகத்தைப் பாத்தே, கப்பல் வேண்டிய திசைக்கு வந்து சேர்றதுக்கு ரொம்ப முன்னாடியே சுக்கானை எதிர்ப்பக்கம் கொடுத்துடுவாரு. மாடல்ல வரவேண்டியது இந்த முன்யோசனையும், அந்தத் தாமதமும், "கொஞ்சம்தானே விலகியிருக்கு, இருக்கட்டும்"னு விடுற பழக்கமும்தான்.

அப்போ நிஜ ஆளையே உக்கார வெச்சுடலாமேன்னா அதுலயும் ஒரு சங்கதி இருக்கு. பிரான்ஸ்ல போர்ட் ரெவல் ஏரில 1:25 அளவு குட்டிக் கப்பல்ல கேப்டன்களும் பைலட்களும் ஓட்டிப் பழகுறாங்க. அந்த அளவுல நேரம் 5 மடங்கு வேகமா ஓடும், நிஜக் கப்பல்ல ஒரு நிமிஷம் கிடைக்குற முடிவுக்கு அங்க 12 செகண்ட்தான். பயிற்சிக்கு ரொம்ப நல்லது, ஆனா அந்த ஓட்டத்தை வெச்சு சேனல் அகலம் சொல்றதுன்னா ஒண்ணுக்கு ரெண்டு தடவை யோசிக்கணும். நிஜ பிரிட்ஜ் மாதிரியே கட்டுன முழு பிரிட்ஜ் சிமுலேட்டர்ல நேரம் சரியா ஓடும்தான், ஆனா ஒரே பைலட்டை திரும்பத் திரும்ப ஓட விட்டா காத்து எந்த இடத்துல அடிக்கும்னு அவருக்கு மனப்பாடம் ஆயிடும்.

அதனால ரிப்போர்ட் வந்தா ஆட்டோபைலட்ல தாமதம் எவ்வளவு வெச்சாங்க, கப்பல் சேனலை விட்டு வெளிய போய் தோத்த ரன்கள் எங்கன்னு கேளுங்க. கேட்டா பெரும்பாலும் கொடுத்துடுவாங்க, யாரும் கேக்குறதில்லை அவ்வளவுதான்.