மீதிக் காசு வேறு, ஆட்சி மாற்றம் வேறு

ஆங்கிலத்திலிருந்து கிரேக்கத்துக்கு மொழிபெயர்த்தவற்றைச் சரிபார்ப்பது என் வேலை. போன வாரமும் ஒன்று வந்தது. டிக்கெட் இயந்திரத்துக்கான கிரேக்க வாசகங்கள், சரிபார்க்கச் சொல்லி. மீதிக் காசு தரப்படாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கிரேக்கத்தில் ‘தென் தீனெதே அலயீ’ என்று இருந்தது. அதைப் படிக்கிற கிரேக்கர் ‘இங்கே மாற்றம் வழங்கப்படாது’ என்றுதான் எடுத்துக்கொள்வார். கிரேக்க நாட்டில் 1981 அக்டோபரில் ஆந்த்ரேயாஸ் பப்பாந்த்ரேயுவின் பாஸோக் கட்சி ஆட்சியைப் பிடித்ததே ‘அலயீ’, அதாவது ‘மாற்றம்’, என்ற முழக்கத்தை வைத்துத்தான். அதை இப்போது ஒரு டிக்கெட் இயந்திரம் தர மாட்டேன் என்கிறது.

சிரித்துவிட்டுத் திருத்தியிருப்பேன். ஆனால் இதே பிழையைத் திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது. கோப்புகளை அனுப்பும் ஒருங்கிணைப்பாளர்களிலும் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிலும் தமிழர்கள் நிறையப் பேர் என்பதால் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாற்றம், மீதிக் காசு, சில்லறை எல்லாவற்றையும் குறிக்கும் ‘சேஞ்ச்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கிரேக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது, அது அகராதியில் முதல் வரியில் இருக்கிறது என்று நம்புகிறீர்களே, அதுதான் கோளாறு. ஆங்கிலேயர் அதை நம்பினால் மன்னிக்கலாம். நாம் எப்படி நம்பலாம்? கடைக்காரரிடம் ‘மாற்றம் குடுங்க’ என்று கேட்டிருக்கிறீர்களா? ‘மீதி குடுங்க’ என்கிறோம். ‘சில்லறை இருக்கா?’ என்கிறோம். இரண்டும் வெவ்வேறு என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. கிரேக்கரும் அப்படியே பிரிக்கிறார். திரும்பி வரும் மீதி ‘ரெஸ்தா’. பையில் குலுங்கும் சில்லறை ‘ப்ஸிலா’. ஏதென்ஸ் தெருமுனைப் பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டிலுக்கு ஐம்பது யூரோ நோட்டை நீட்டிப் பாருங்கள். கடைக்காரர் நோட்டையும் பார்ப்பார், உங்களையும் பார்ப்பார், பிறகு ‘ப்ஸிலா இல்லையா?’ என்பார். நம்மூர்க் கடைக்காரர் அதே முகத்தோடு கேட்பதுதான். தமிழில் கைவசம் இருக்கும் இந்தப் பிரிவினை ஆங்கிலக் கோப்பைத் திறந்ததும் எங்கே போய்விடுகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

நோட்டைச் சில்லறையாக்க இன்னொரு வினை இருக்கிறது, ‘ஹலாவோ’. பால் கெட்டாலும் அதே வினை, ஃப்ரிட்ஜ் பழுதானாலும் அதே வினை. எனவே ‘இந்த ஐம்பதைக் கெடுத்துத் தர முடியுமா’ என்பதுபோல ஒரு வாக்கியம் வந்தால் பிழை என்று அடித்துவிடாதீர்கள். ஒருவர் அடித்தார், அதனால் சொல்கிறேன்.

துணிக்கடைக்கு வந்தால் கதை தலைகீழ். வாங்கிய சட்டையைக் கொடுத்து வேறு அளவு வாங்குவதற்குக் கிரேக்கக் கடைகளில் எழுதி வைப்பது ‘அலயீ’தான். ஆங்கில மூலத்தில் ‘எக்ஸ்சேஞ்ச்’ என்று வேறு சொல் இருப்பதைப் பார்த்து மொழிபெயர்ப்பாளர் ‘அந்தலயீ’ என்று போடுகிறார். அது இரு தரப்பு கைமாற்றிக்கொள்வது. கைதிகள் பரிமாற்றம், கருத்துப் பரிமாற்றம். 1923 லோசான் உடன்படிக்கைப்படி கிரேக்கமும் துருக்கியும் மக்களையே மாற்றிக்கொண்டதற்கும் அந்தப் பெயர்தான். ஒரு சட்டைக்கு அவ்வளவு வேண்டாம்.

அடுத்தது, என்னை அதிகம் எரிச்சலூட்டுவது. ஒன்று வேறொன்றாக ஆவதைச் சொல்ல ஆங்கிலத்தில் நாலைந்து பொதுவான வினைகளை வைத்துக்கொண்டு ஒப்பேற்றிவிடலாம். அவை எல்லாவற்றுக்கும் ‘யீனொமே’ என்று போட்டுவிட்டு வருகிறார்கள், அதாவது ‘ஆகு’. சூப் குளிர்ந்ததாக ஆனது, முகம் சிவப்பாக ஆனது, தாத்தா வயதானவராக ஆனார். இலக்கணப் பிழை கிடையாது, அதனால் மென்பொருளும் பிடிக்காது. ஆனால் கிரேக்கர் இப்படிப் பேச மாட்டார். சூப்புக்கு ‘க்ரியோனோ’, முகத்துக்கு ‘கொகினீஸோ’, தாத்தாவுக்கு ‘யெர்னாவோ’ என்று தனித்தனி வினை இருக்கிறது. நமக்கும் இருக்கிறதே! ஆறியது, சிவந்தது, முடி நரைத்தது, பழம் பழுத்தது, ஆள் மெலிந்தான். ஆங்கிலத்தைத் தள்ளி வைத்துவிட்டு ‘இதைத் தமிழில் எப்படிச் சொல்வேன்’ என்று ஒரு நொடி யோசித்திருந்தால் பாதிப் பிழை வந்தே இருக்காது. (‘மவ்ரீஸோ’ என்றால் கறுப்பது. கடற்கரையில் வெயில் காய்ந்து நிறம் ஏறுவதும் அதுதான். காயத்தைப் பற்றி எழுதும்போது சூழலைத் தெளிவாக்குங்கள்.)

காயம் என்றதும் நினைவுக்கு வருகிறது. மருத்துவமனையில் வீட்டுக்கு அனுப்பும்போது தரும் தாள். காயத்தின் கட்டை மாற்றச் சொல்லி ஒரு வரி. கிரேக்க வினைக்கு இரண்டு முகம். ‘அலாக்ஸ்தே’ என்றால் மாற்றுங்கள், ஒரு தடவை, அத்தோடு முடிந்தது. ‘நா அலாஸெதே’ என்றால் தொடர்ந்து மாற்றி வாருங்கள். ஆங்கில ஏவலில் இந்த வேறுபாடு தெரியாது, அடுத்த வரியில் இருக்கும் ‘தினமும்’ என்ற சொல்லைப் பார்த்தால்தான் தெரியும். கோப்பில் அந்த வரியைத் தனிக் கட்டத்தில் வெட்டி வைத்திருந்தார்கள். மொழிபெயர்த்தவர் முதல் வடிவத்தைப் போட்டுவிட்டார். தாள் அச்சுக்குப் போகும் முன் பிடித்தோம். இதில் சிரிக்க எதுவும் இல்லை.

மொழிபெயர்ப்பு மென்பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருமுறை மொழிபெயர்த்த சொல் மறுபடி வந்தால் அதுவே நிரப்பிக்கொள்ளும், அதற்குக் கூலியும் குறைவு. கூலி குறைவான கட்டத்தை யார் நின்று பார்ப்பார்கள்? கடவுச்சொல் பொத்தானில் சரியாக இருந்த ‘அலயீ’ காசுத் திரைக்குப் போய்ச் சேர்வது இந்த வழியில்தான்.

ஆகவே, தயவுசெய்து:

ஒற்றைச் சொல் கட்டங்களைத் தானாக நிரப்ப விடாதீர்கள். காசு சம்பந்தப்பட்டதா என்று முதலில் பாருங்கள். ஏவல் வினை வந்தால் ஒரு தடவையா, தினமுமா என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். கேட்பது உங்கள் வேலையின் ஒரு பகுதி, வெட்கப்பட வேண்டாம். ‘யீனொமே’ ஒரு பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் வந்தால் எனக்கு அனுப்பாதீர்கள், நீங்களே மறுபடி படியுங்கள்.

ஒருங்கிணைப்பாளர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அட்டவணையில் ‘குறிப்பு’ என்று ஒரு பத்தி எப்போதும் காலியாகவே வருகிறது. அதில் ‘மீதிக் காசு’, ‘சட்டை’, ‘கட்டு, தினமும்’ என்று இரண்டு சொல் போட்டு அனுப்புங்கள். கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, தமிழிலேயே எழுதுங்கள். எனக்குப் புரியும்.