ஏறும்போது மூச்சு, இறங்கும்போது தொடை

மியூனிக்கில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “இத்தாலியின் வடகோடியில் இருக்கும் ட்ரே சீமே இயற்கைப் பூங்காவில் மலைப்பாதை ஓட்டம் போய்வந்தேன். ஃபிஷ்லைன் பள்ளத்தாக்கிலிருந்து மேலே குடில் வரை ஏறும்போது மூச்சு வாங்கியதே தவிர கால் வலிக்கவில்லை. இறங்கும்போது மூச்சும் சீராக இருந்தது. ஆனால் இரண்டாம் நாள் காலை வீட்டுப் படியில் இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன். கஷ்டப்பட்டு ஏறியதற்கு வலி இல்லை, சுகமாக இறங்கியதற்கு இவ்வளவு வலி ஏன்? வலி இருக்கும்போதே மறுபடி ஓடலாமா?”

வெள்ளியங்கிரி ஏறி இறங்கியவர்களும் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். முதலில் அந்த இடத்தைப் பார்த்துவிடலாம். டோலோமைட் மலைகளில் அடுத்தடுத்து நிற்கும் மூன்று பாறைச் சிகரங்கள்தான் ட்ரே சீமே. நடுவில் உள்ள பெரிய சிகரம் 2,999 மீட்டர். அதன் வடபுறம் 1981இல் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2009இல் டோலோமைட் மலைகள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது இதுவும் சேர்ந்தது. வாசகர் ஓடியது 102ஆம் எண் பாதையாக இருக்க வேண்டும். பள்ளத்தாக்கின் அடி 1,454 மீட்டர், சிகரங்களுக்கு எதிரே இருக்கும் குடில் 2,405 மீட்டர். ஆக, ஏறியது 950 மீட்டர், இறங்கியதும் அதே 950 மீட்டர்.

ஏறும்போது நடப்பது நமக்குப் பழக்கமான கதை. உடல் எடையைப் புவியீர்ப்புக்கு எதிராகத் தூக்குகிறோம். அதற்கு ஆற்றல் வேண்டும், ஆற்றலுக்கு ஆக்சிஜன் வேண்டும். 2,400 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். அதனால் மூச்சு இரைக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. நின்று இளைப்பாறினால் சரியாகிவிடும்.

இறக்கம் அப்படியில்லை. 70 கிலோ எடையுள்ளவர் 950 மீட்டர் ஏறினால் அவர் உடலில் சுமார் 6.5 லட்சம் ஜூல் நிலையாற்றல் சேர்ந்திருக்கும். கீழே வந்து நிற்கும்போது அது முழுவதும் தீர்ந்திருக்க வேண்டும். சைக்கிளில் இறங்கினால் அதைப் பிரேக் வாங்கிக்கொள்ளும். ஓடி இறங்குபவருக்குப் பிரேக் அவருடைய தசைகள்தான், அதிலும் முக்கியமாக முன்தொடைத் தசை. பாதம் தரையில் பட்டதும் முழங்கால் மடங்குகிறது. மடங்கும்போது முன்தொடைத் தசை நீள்கிறது, ஆனால் தளர்ந்து நீளவில்லை. முறுக்கேறி, சுருங்கப் பார்த்துக்கொண்டே, எடை இழுப்பதால் நீள்கிறது. ஒவ்வொரு அடியிலும் இதுதான் நடக்கிறது.

இப்போது தசைக்குள் போவோம். எனக்கு உயிரியலிலேயே மிகவும் பிடித்த இடம் இது.

தசை இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் சார்கோமியர் என்ற சிறு அலகுகள் வரிசையாகக் கோத்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் சுமார் நானூறில் ஒரு பங்கு நீளம். அதற்குள் இரண்டு வகை நூல்கள்: மெல்லியது ஆக்டின், தடித்தது மயோசின். மயோசின் நூலிலிருந்து சிறு தலைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை ஆக்டினைப் பற்றி, வளைந்து, இழுத்து, விட்டு, மறுபடி சற்றுத் தள்ளிப் பற்றும். இந்த நூல்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால்தான் தசை சுருங்குகிறது என்பதை 1954இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே இதழில் வெளியிட்டன. ஒரு குழுவில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, இன்னொன்றில் ஹ்யூ ஹக்ஸ்லி. இருவரும் உறவினர் அல்லர்.

இதில் கவனிக்க வேண்டியது, மயோசின் தலை ஆக்டினை விடுவதற்குத்தான், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி வேண்டும். ஏடிபி மூலக்கூறு வந்து ஒட்டினால்தான் பிடி தளரும். இறந்த உடல் விறைத்துப்போவதும் இதனால்தான்: ஏடிபி தீர்ந்துவிட்டது, பிடித்த தலைகளை விடுவிக்க எதுவும் இல்லை. உயிருள்ள தசையில் ஒட்டிய ஏடிபி பிளந்து, அடுத்த இழுப்புக்கான ஆற்றலைத் தருகிறது. ஒரு பிடி, ஒரு இழுப்பு, ஒரு விடுப்பு என்றால் ஒரு ஏடிபி செலவு. மேலே ஏறும்போது கோடிக்கணக்கான தலைகள் இந்தக் கணக்கில்தான் வேலை செய்கின்றன.

இறங்கும்போது மயோசின் தலை பற்றிக்கொண்டிருக்கும் ஆக்டின் எதிர்ப்பக்கம் இழுக்கப்படுகிறது. தலை தன் வேலையை முடிக்கும் முன்பே, ஏடிபி வந்து விடுவிக்கும் முன்பே, வெறும் விசையால் பிய்த்து எடுக்கப்படுகிறது. பிய்ந்த தலை உடனே மறுபடி பற்றுகிறது. செலவு மிகக் குறைவு, ஆனால் தாங்கும் விசை அதிகம். கிணற்றில் நீர் இறைக்கும்போது கயிற்றைக் கை மாற்றி மாற்றி இழுத்தால் மூச்சு வாங்கும். நிறைகுடம் கீழே போகும்போது ஓடும் கயிற்றை இறுக்கிப் பிடித்தால் மூச்சு வாங்காது, உள்ளங்கை உரியும்.

இதை 1952இல் பிரிட்டனைச் சேர்ந்த அபோட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூவர் அழகாகக் காட்டினார்கள். இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்திச் சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் அதே விசையில் எதிர்த்துத் தடுக்க வேண்டும். விசை ஒன்று, வேகம் ஒன்று. ஆனால் நிமிடத்துக்கு 35 சுற்று வேகத்தில், மிதித்தவருக்கு ஆன ஆக்சிஜன் செலவு தடுத்தவரைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். லண்டன் ராயல் சொசைட்டியில் இதைச் செய்துகாட்டியபோது தடுத்தவர் ஒரு இளம்பெண், மிதித்தவர் ஒரு இளைஞர். பெரிதாகச் சிரமப்படாமலேயே அந்தப் பெண் அவரைக் களைக்கவைத்தார்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2002இல், இத்தாலிய ஆய்வாளர் ஆல்பர்ட்டோ மினெட்டியும் குழுவினரும் பத்து மலை ஓட்டக்காரர்களை டிரெட்மில்லில் ஓடவிட்டு அளந்தார்கள். 100 மீட்டருக்கு 20 மீட்டர் இறங்கும் சரிவில் ஆற்றல் செலவு சமதளத்தில் ஓடுவதைப் போல ஏறக்குறைய பாதிதான். அதைவிடச் செங்குத்தானால் செலவு மறுபடி கூடத் தொடங்குகிறது.

சரி, வலி எங்கிருந்து வருகிறது? ஒரே விசையைத் தாங்க நீளும் தசைக்குக் குறைவான இழைகளே போதும் என்பதால் நரம்பு மண்டலம் கொஞ்சம் இழைகளைத்தான் வேலைக்கு அழைக்கிறது. அவை ஒவ்வொன்றின் மீதும் சுமை கூடுகிறது. ஒரு இழையில் உள்ள சார்கோமியர்கள் எல்லாம் ஒரே பலம் உள்ளவை அல்ல. பலவீனமானவை அளவுக்கு மீறி நீண்டு, நூல்கள் ஒன்றையொன்று விட்டு விலகிவிடுகின்றன. டைட்டின் என்ற புரதம் அவற்றைத் திரும்ப இழுத்துப் பொருத்தப் பார்க்கும். சுமார் 34,000 அமினோ அமிலங்கள் கொண்ட அது மனித உடலில் உள்ள புரதங்களிலேயே மிகப் பெரியது. எல்லாவற்றையும் அதனாலும் மீட்க முடியாது. சேதம் உண்டான இடத்துக்கு நோயெதிர்ப்புச் செல்கள் வந்து பழுதுபார்க்கும்போது வீக்கமும் வலியும் வருகின்றன. இதற்கு நேரம் பிடிப்பதால்தான் வலி மறுநாளோ மூன்றாம் நாளோ உச்சத்துக்குப் போகிறது.

லாக்டிக் அமிலம் தேங்குவதால் வலிக்கிறது என்று உடற்பயிற்சிக் கூடங்களில் இன்னும் சொல்கிறார்கள். இதை மூடநம்பிக்கை என்றே சொல்வேன், ஆங்கிலப் பெயர் இருப்பதால் அது அறிவியல் ஆகிவிடாது. ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் லாக்டேட் (அந்த அமிலம் உடலில் இருக்கும் வடிவம்) ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். 1983இலேயே சோதித்துவிட்டார்கள்: சமதளத்தில் ஓடியவர்களுக்கு லாக்டேட் ஏறியது, வலி இல்லை. சரிவில் இறங்கி ஓடியவர்களுக்கு லாக்டேட் ஏறவில்லை, வலி வந்தது.

நல்ல செய்தியும் இருக்கிறது. ஒருமுறை இப்படி அடிபட்ட தசை, அடுத்த பல வாரங்களுக்கு அதே இறக்கத்தை மிகக் குறைந்த வலியோடு தாங்கிக்கொள்ளும். 1994இல் எலிகளைச் சரிவில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். இறங்கி ஓடிய எலிகளின் தொடைத் தசை இழையில், ஏறி ஓடியவற்றைவிட அதிக சார்கோமியர்கள் வரிசையில் சேர்ந்திருந்தன. அலகுகள் கூடினால் ஒவ்வொன்றும் குறைவாக நீண்டால் போதும். எலியை மலையிறங்க வைக்க எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் உண்டு. தடுத்து மிதிக்கும் அந்த சைக்கிள்தான் இன்று இதய, நுரையீரல் நோயாளிகளுக்கு மூச்சு வாங்காமல் கால் பலம் கூட்டப் பயன்படுகிறது. உடனடிப் பலன் என்ன என்று கேட்டே நிதி ஒதுக்கியிருந்தால் இது நமக்குக் கிடைத்திருக்காது. நம் பல்கலைக்கழகங்களிலும் இத்தகைய ஆர்வ ஆய்வுகளுக்கென்று தனி நிதி வேண்டும்.

வாசகர் அடுத்த முறை பூங்காவுக்குப் போவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே ஏதாவது ஒரு குன்றில் மிதமாக இறங்கி ஓடிவிடட்டும். மலையில் எட்டி வைக்காமல் சிறு அடிகளாக வைத்தால் ஒவ்வொரு அடியிலும் தொடை வாங்கும் சுமை குறையும். வளைந்து வளைந்து போகும் பாதையைக் குறுக்கே வெட்டி இறங்க வேண்டாம். அந்தக் குறுக்குவழி செங்குத்தானது, தசைக்கும் கெடுதல். டோலோமைட் சரிவுகளில் சரளை எளிதில் பெயரும், பெயர்ந்த இடத்தில் மழைநீர் வாய்க்கால் வெட்டிவிடும், உயரத்தில் புல் மறுபடி முளைக்க ஆண்டுகள் ஆகும்.

வலி இருக்கும்போது சமதளத்தில் நடக்கலாம், மெதுவாக ஓடவும் செய்யலாம், வலி சற்றுக் குறையக்கூடும். இறக்கத்தை மட்டும் வலி தீரும்வரை தள்ளிவையுங்கள். சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால் காத்திருக்க வேண்டாம். உடைந்த தசையின் புரதம் சிறுநீரகத்துக்குள் போகிறது என்பதன் அடையாளம் அது, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.