எரிஞ்சு போன கோர்ட் ஹவுஸும் உங்க வீட்டு டீடும்

அமெரிக்கால வர்ஜீனியா மாநிலத்துல நிலம் வாங்கறவங்களுக்கு டைட்டில், அதாவது நிலத்தோட உரிமை வரலாறு, தேடிக் குடுக்கறது என் வேலை. இந்த இடம் யார்கிட்ட இருந்து யாருக்கு வந்துச்சுன்னு டீட் புக்கை, அதாவது பத்திரம் பதிஞ்சு வைக்கற புக்கை, பின்னாடி பின்னாடி புரட்டிக்கிட்டே போகணும், நம்ம ஊர்ல வில்லங்கம் போட்டுப் பாக்கறோம்ல, கிட்டத்தட்ட அதுதான். ஆனா இங்க சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்னு தனியா கிடையாது, கவுண்டியோட (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) சர்க்யூட் கோர்ட் கிளார்க்தான் பத்திரத்தையும் பதியறாரு. அதனால ஒரு கோர்ட் எரிஞ்சுதுன்னா கேஸ் கட்டு மட்டும் போறதில்ல, அந்த கவுண்டியோட நிலப்பத்திரம், உயில், கல்யாணப் பதிவு எல்லாம் சேர்ந்து போயிடும்.

அப்போமேட்டக்ஸ் கவுண்டியை எடுத்துக்கங்க. சுமார் 16,000 பேர் இருக்கற கிராமப்புற கவுண்டி. 1845ல பக்கிங்ஹாம், கேம்ப்பெல், சார்லட், பிரின்ஸ் எட்வர்ட்னு நாலு கவுண்டில இருந்து துண்டு துண்டா வெட்டி உண்டாக்கினாங்க. ரிச்மண்ட்–லிஞ்ச்பர்க் கோச்சு வண்டி ரோட்டுல க்ளோவர் ஹில்னு ஒரு சின்ன ஊரு, ஒரு டேவர்ன் (சத்திரம்) இருந்துச்சு, அங்கயே 1846ல செங்கல் கோர்ட்டை கட்டிட்டாங்க, ஊரோட பேரும் அப்போமேட்டக்ஸ் கோர்ட் ஹவுஸ்னே ஆயிடுச்சு. அமெரிக்க சிவில் வார்ல தெற்குப் படையோட ஜெனரல் லீ, வடக்குப் படையோட ஜெனரல் கிராண்ட் கிட்ட சரணடைஞ்சது இங்கதான், 1865 ஏப்ரல் 9. ஆனா கோர்ட் கட்டடத்துக்குள்ள இல்லீங்க, அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, கோர்ட் பூட்டியிருந்துச்சு, பக்கத்துல மெக்லீன்னு ஒருத்தர் வீட்டு ஹால்லதான் கையெழுத்தாச்சு. பாதி பேர் இதை இன்னமும் தப்பாத்தான் சொல்லிட்டு இருக்காங்க.

1850கள்ல ரயில் வந்துச்சு, ஆனா ஊருக்குள்ள வரல, சுமார் 3 மைல் தள்ளி ஸ்டேஷன். கோச்சு வண்டி ரோடு செத்துச்சு, யாவாரம் எல்லாம் ஸ்டேஷன் பக்கம் நகர்ந்துடுச்சு. அப்புறம் 1892 பிப்ரவரில கோர்ட் எரிஞ்சுது, ரெக்கார்டெல்லாம் அதோட போச்சு. பழைய எடத்துல திரும்ப கட்டலாமான்னு பேச்சு எங்க எடுபடும், ஆள் இல்லாத ஊர்ல யாரு போய் கோர்ட் கட்டுவா, ஸ்டேஷன் ஊருக்கே கவுண்டி தலைநகரை மாத்தி அங்க புது கோர்ட்டை கட்டிட்டாங்க. பழைய ஊரு அப்படியே காலியாச்சு.

இப்ப நீங்க டூரிஸ்டா போனா பழைய ஊர்ல ஒரு அழகான செங்கல் கோர்ட் நிக்கும். அது நேஷனல் பார்க் சர்வீஸ் 1963-64ல திரும்ப கட்டினது, உள்ள விசிட்டர் சென்டர். 1865ல டிமோத்தி ஓ'சல்லிவன் எடுத்த போட்டோல அந்த கோர்ட் வாசல்ல சிப்பாய்ங்க நிக்கறதை நீங்களே பாக்கலாம். கட்டடத்துக்கு போட்டோ இருந்துச்சு, கட்டிட்டாங்க. டீட் புக்கை யாரு பக்கம் பக்கமா போட்டோ எடுத்து வச்சா?

சரி, அந்த கவுண்டில 1892க்கு முன்னாடி எப்படித்தான் தேடறது? நிலவரி லிஸ்ட்தான் கை குடுக்கும், அதோட காப்பி வருஷா வருஷம் மாநிலத் தலைநகர் ரிச்மண்டுல இருந்த ஸ்டேட் ஆடிட்டருக்கு போயிட்டே இருந்துச்சு, அதனால தப்பிச்சுது, இப்ப லைப்ரரி ஆஃப் வர்ஜீனியால இருக்கு. அதுல பேரு, எத்தனை ஏக்கர், அப்புறம் கோர்ட் ஹவுஸ்ல இருந்து எந்த திசைல எத்தனை மைல்னு போட்டிருப்பாங்க. இங்கதான் கோர்ட் இடம் மாறின கதை வெறும் கதையா இல்லாம என் வேலைக்கு வேணும், ஏன்னா எந்த கோர்ட் ஹவுஸ்ல இருந்து மைல்னு தெரியாம மேப்ல குறிச்சா 3 மைல் தள்ளி யாரோ ஒருத்தர் காட்டுல போய் நிப்பீங்க.

1845க்கும் பின்னாடி போகணும்னா தாய் கவுண்டிக்கு போகணும். நிலம் பக்கிங்ஹாம் பக்கம் இருந்து வந்ததுன்னா இன்னொரு அடி, தாமஸ் ஜெஃபர்சன் டிசைன் பண்ணின அவங்க கோர்ட்டும் 1869ல ரெக்கார்டோட எரிஞ்சுது. கிங் வில்லியம் கவுண்டில நேர் தலைகீழ், சுமார் 1725ல கட்டின கோர்ட் இன்னைக்கும் கம்பீரமா நிக்குது, ஆனா 1885ல பக்கத்துல இருந்த கிளார்க் ஆபீஸ் எரிஞ்சு பெரும்பாலான ரெக்கார்டு காலி. ஹனோவர், ஜேம்ஸ் சிட்டி கதை இன்னும் கொடுமை, போர் பயத்துல புக்கை எல்லாம் பத்திரமா இருக்கட்டும்னு ரிச்மண்டுக்கு அனுப்பி வச்சாங்க, 1865 ஏப்ரல் 3ல ரிச்மண்டே எரிஞ்சுது, லீ சரணடையறதுக்கு 6 நாள் முன்னாடி. காப்பி எடுக்காம எடத்தை மட்டும் மாத்தினா இதான் நடக்கும்.

வீடு வாங்கற எல்லாரும் இதுக்கு பயப்படணுமான்னா, வேண்டாம். இங்க வழக்கமா 60 வருஷம் பின்னாடி தேடினாலே போதும். ஆனா பெரிய ஏக்கரேஜ் நிலம், பழைய வழிப்பாதை, எல்லைத் தகராறு, காட்டுக்குள்ள குடும்ப கல்லறைன்னு வந்தா (கல்லறையை பாக்க வர்ற வாரிசுங்களுக்கு சட்டப்படி உள்ள வர உரிமை இருக்கு, உங்க நிலமா இருந்தாலும்) பழைய புக் இல்லாதது உறைக்கும். இன்னும் அதிகமா அடி வாங்கினது கறுப்பின குடும்பங்கதான், அடிமை காலத்துல அவங்க முன்னோர் பேரு இருந்ததே எசமானோட உயில்லயும் டீட்லயும், விடுதலையானவங்க பதிவு கவுண்டி கோர்ட்லயும்தான். அதுவும் சாம்பலாச்சுன்னா வேற எங்க போய் தேடுவாங்க?

கோர்ட் எரிஞ்ச கவுண்டிகள்ல ஜனங்க வீட்டு பெட்டில இருந்த ஒரிஜினல் டீடை தூக்கிட்டு வந்து திரும்ப பதிஞ்சாங்க, சில டைட்டில் இன்னைக்கு நிக்கறதே அந்த பெட்டிங்களாலதான். அதனால குளோசிங் (வீடு கை மாற கையெழுத்து போடறது) முடிஞ்சு சில வாரத்துல ரெக்கார்ட் ஆன டீட் உங்க கைக்கு வந்துச்சான்னு பாருங்க, வரலைன்னா அந்த குளோசிங்கை நடத்திக் குடுத்த செட்டில்மென்ட் ஏஜென்ட்டை விடாம கேளுங்க. பேரு ஸ்பெல்லிங் பாருங்க, நம்ம இனிஷியல், அப்பா பேரு எல்லாம் இங்க இண்டெக்ஸ்ல எடம் மாறி உக்காந்துரும், அப்புறம் பின்னாடி தேடறவன் கண்ணுக்கு நீங்க சிக்கவே மாட்டீங்க. இன்ஸ்ட்ருமென்ட் நம்பர் (பத்திரத்தோட பதிவு நம்பர்), ப்ளாட் (நிலத்தோட சர்வே வரைபடம்), டைட்டில் இன்சூரன்ஸ் பாலிசி மூணையும் ஒரே பைல்ல போட்டு, ஸ்கேன் ஒண்ணை வேற ஊர்ல இருக்கற சொந்தக்காரங்க கிட்டயும் குடுத்து வைங்க. வீடு வாங்கின கொஞ்ச நாள்ல கவர்மென்ட் லெட்டர் மாதிரியே ஒண்ணு வரும், உங்க டீட் காப்பி வேணும்னா இவ்வளவு கட்டுங்கன்னு, அதை குப்பைல போடுங்க, கிளார்க் ஆபீஸ்ல போய் கேட்டா அதே காப்பி சில டாலர்தான்.