நடுவழியில் பதினாறு மீட்டர்

"அதோ தெரிகிறது பார், நம் ஆலைக் கூரை. கண்ணுக்கே தெரிகிறதே, இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று சித்தப்பா கேட்டார். கிருஷ்ணகிரியில் அவருடைய அலுவலக மொட்டைமாடியில் நின்றிருந்தோம். எதிரே மாந்தோப்புகள், இடையிடையே தென்னைகள், அவற்றுக்கு அப்பால் ஒரு பாறைக்குன்று. குன்றின் அடியில், 5 கிலோமீட்டர் தொலைவில், அவருடைய மாங்கூழ் ஆலை. பெங்களூரா காய் வந்து குவியும் மே, ஜூன், ஜூலை மாதங்களில் லாரிகள் இரவெல்லாம் வரிசையில் நிற்கும். ஆலையின் எடைமேடைக் கணக்கும் கேமராப் படமும் உடனுக்குடன் அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும். அத்தனை பேர் நிலத்தைத் தாண்டிக் கேபிள் புதைக்க வழியில்லை. கூரைக்கு ஒரு டிஷ் வைத்து, காற்றிலேயே இணைத்துவிடலாம் என்று முடிவெடுத்தோம்.

சித்தப்பாவின் கேள்வி நியாயமானது. பலரும் அதையேதான் கேட்கிறார்கள். ஆனால் கண் நிறைவடைகிற இடத்தில் ரேடியோ அலை நிறைவடைவதில்லை. அதன் காரணம் தெரிந்துவிட்டால் இந்தத் தொழில்நுட்பத்தில் பாதி புரிந்துவிடும்.

இரு டிஷ்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துக் கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அலை அந்த நூலின்மேல் மட்டும் போவதில்லை; நூலைச் சுற்றிலும் பரவிப் போகிறது. நடுவழியில் சற்றே விலகி வளைந்து போகும் பகுதி, நேராகப் போகும் பகுதியைவிடக் கொஞ்சம் அதிகத் தூரம் கடக்கிறது. அந்த அதிகத் தூரம் அலைநீளத்தில் பாதியைத் தாண்டாத வரை, இரண்டும் மறுமுனையில் ஒன்றுக்கொன்று கைகொடுத்துச் சேருகின்றன. நாங்கள் பயன்படுத்திய 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 5.2 சென்டிமீட்டர், அதில் பாதி 2.6. ஐந்து கிலோமீட்டர்ப் பாதையின் நடுவில் ஓர் அலை 8 மீட்டர் விலகிப் போனாலும், மொத்தத்தில் கூடும் தூரம் அந்த 2.6 சென்டிமீட்டர்தான்! ஆகவே நடுவழியில் நூலுக்கு மேலே 8 மீட்டர், கீழே 8 மீட்டர் என்று 16 மீட்டர் விட்டமுள்ள வெளி முழுவதுமே அலைக்குப் பாதை. இரு முனையும் கூர்த்து நடுவில் பருத்த தறிநாடாவைப் போன்ற வடிவம் இது. ஒளியின் அலைத்தன்மையை ஆராய்ந்த பிரெஞ்சு அறிவியலாளர் ஃபிரெனெலின் (1788–1827) பெயரால் இதை ஃபிரெனெல் மண்டலம் என்கிறார்கள்.

கண் ஏன் ஏமாறுகிறது? ஒளியும் அலைதான், அதற்கும் இந்த நாடா உண்டு. ஆனால் ஒளியின் அலைநீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே 5 கிலோமீட்டருக்கு, நடுவில் அதன் நாடா வெறும் 5 சென்டிமீட்டர் பருமன்தான். மரக்கிளைகளுக்கிடையே ஒரு சிறிய சந்து கிடைத்தால் போதும், ஆலைக் கூரை நம் கண்ணுக்கு வந்துவிடும். ரேடியோ அலை அந்தச் சந்தில் நுழையாது.

நடைமுறையில் அந்த எட்டு மீட்டரில் அறுபது சதவீதமாவது தடையின்றி இருக்க வேண்டும். எங்கள் பாதைக்கு அது நூலுக்குக் கீழே ஏறத்தாழ 5 மீட்டர். பூமியின் உருண்டை வடிவம் நடுவில் சற்றே புடைத்து வருவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அலை காற்றில் சற்றே கீழ்நோக்கி வளைவதைக் கழித்துவிட்டால், ஐந்து கிலோமீட்டருக்கு அது 40 சென்டிமீட்டர்கூட இல்லை. இருபது கிலோமீட்டர் ஆனால் 6 மீட்டரைத் தொட்டுவிடும்.

எங்கள் நூலுக்கும் நடுத்தோப்பின் தென்னைகளுக்கும் இடையே இருந்தது 2 மீட்டர்தான். கணினி வரைபடத்தில் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. வரைபடத்துக்கு மண்ணின் உயரம் தெரியும்; மண்ணில் நிற்கும் மரத்தின் உயரம் தெரியாது. அதனால் ஒரு முறை பாதை நெடுக நடந்துவிடுவது நல்லது. நாங்கள் அதைப் பின்னால்தான் செய்தோம்.

மறுமுனையில் எவ்வளவு ஆற்றல் வந்து சேரும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கணக்கு இதுதான். எங்கள் கருவி வெளியிடும் ஆற்றல் சுமார் 13 மில்லிவாட். நாற்பது சென்டிமீட்டர் அகலமுள்ள டிஷ் அதை ஒரே திசையில் குவிக்கிறது, கைகளை வாயருகே குவித்துக் கூப்பிடுவதைப் போல. அந்தத் திசையில் மட்டும் பார்த்தால், 4 வாட்டை எல்லாப் பக்கமும் வீசியதற்குச் சமமான வலிமை கிடைக்கிறது. ஐந்து கிலோமீட்டர் போவதற்குள் அலை விரிந்து விரிந்து நீர்த்துப்போகிறது. மறுமுனை டிஷ் தன்னால் இயன்றதை அள்ளிக்கொடுத்த பிறகும் அலையை வாங்கும் கருவியான ஏற்பிக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு நானோவாட்: அந்த 4 வாட்டில் சுமார் 400 கோடியில் ஒரு பங்கு. அப்படியும் இணைப்பு நன்றாக வேலை செய்கிறது. ஏற்பியின் சொந்த இரைச்சல் அதைவிடவும் ஆயிரம் மடங்குக்கு மேல் சிறியது என்பதே காரணம்.

ஆனால் டிஷ்களை முதலில் பொருத்தியபோது எங்களுக்கு வந்தது அந்த ஒரு நானோவாட்டில் நூற்றில் ஒரு பங்கு. அதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவது, டிஷ்ஷைத் திருப்பியதில் நேர்ந்த பிழை. டிஷ்ஷின் முதன்மைக் கற்றைக்கு இருபுறமும் மெலிந்த பக்கக் கற்றைகள் உண்டு. திருப்பும்போது சிக்னல் ஏறி, பின் இறங்கியதும், உச்சம் கிடைத்துவிட்டது என்று நிறுத்திவிட்டோம். நாங்கள் நின்றது பக்கக் கற்றையின் உச்சியில். இன்னும் தள்ளித் திருப்பியிருந்தால் உண்மையான உச்சம் வந்திருக்கும். ஒரு முனையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, மறுமுனையை இடமிருந்து வலமாக முழுவதும் ஓட்டிப் பார்த்து, பிறகு மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து, அதன் பின்னரே போல்ட்டை இறுக்க வேண்டும்.

அதைச் சரிசெய்த பிறகும் கணக்கு சொன்னதில் நாலில் ஒரு பங்குதான் வந்தது. மீதி தென்னந்தோப்பில் போயிற்று. இலை என்பது பெரும்பாலும் நீர். இந்த அலைவரிசையை நீர் நன்றாக உறிஞ்சும். மழை பெய்து ஓலைகள் நனைந்த நாட்களில் நிலைமை இன்னும் மோசமானது. 5 கிலோமீட்டருக்குள் மழைத்துளிகள் 5.8 கிகாஹெர்ட்ஸைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. நனைந்த மரம்தான் கெடுக்கிறது.

அப்படியானால் டிஷ்ஷைத் தாங்கும் கம்பத்தை எங்கே உயர்த்துவது? இரு முனைகளையும் 3 மீட்டர் உயர்த்தினால் நடுவிலும் நூல் 3 மீட்டர் உயரும். ஒரு முனையில் மட்டும் என்றால் 6 மீட்டர் உயர்த்த வேண்டும். தடை ஆலைக்கு 1 கிலோமீட்டர் அருகில் இருந்திருந்தால், ஆலைப் பக்கம் 5 மீட்டர் ஏற்றுவது அங்கே 4 மீட்டராகப் பலன் தந்திருக்கும். எங்களுக்குத் தடை சரியாக நடுவில். இரு பக்கமும் மூன்று மூன்று மீட்டர் உயர்த்தினோம். சிக்னல் கணக்குக்கு மிக அருகில் வந்து நின்றது.

ஆனாலும் வேகம் வரவில்லை. இந்த இடத்தில்தான் பலர் கருவியைக் குறை சொல்லி மாற்றுகிறார்கள். எங்கள் டிஷ்கள் பேசுவதும் வீட்டில் இருக்கும் அதே வைஃபை முறையில்தான். வைஃபை தரவைச் சிறு சிறு பொதிகளாக அனுப்பும்; ஒவ்வொரு பொதியையும் அனுப்பியதும், "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். வீட்டுக்குள் அந்தப் பதில் நொடிப்பொழுதில் வந்துவிடும் என்பதால், காத்திருக்கும் நேரமும் மிகக் குறைவாகவே வைக்கப்பட்டிருக்கும். அலை 5 கிலோமீட்டரைக் கடக்க 17 மைக்ரோநொடி. போய்த் திரும்ப 33. பதில் வழியில் வந்துகொண்டிருக்கும்போதே, தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டி, அதே பொதியைக் கருவி மீண்டும் அனுப்பத் தொடங்குகிறது. கருவியின் அமைப்புப் பக்கத்தில் (செட்டிங்ஸ்) தூரத்தைச் சரியாகக் குறிப்பிட்டதும் இந்தத் தொல்லை நின்றது.

தூரம் மிக நீண்டால் இந்தக் காத்திருப்பையே கைவிட்டு, இரு முனைகளும் நேரத்தைப் பங்கிட்டு முறைவைத்துப் பேசுவது மேல். தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் சிகிச்சை மையங்களோடு இணைக்க, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவினர் இந்த முறையைக் கையாண்டார்கள். கிராமத்தில் அமர்ந்திருந்த நோயாளியைத் தேனியில் இருந்த மருத்துவர் வீடியோவில் பார்த்துப் பேசினார். 2007இல் வெனிசுவேலாவில் இரு மலையுச்சிகளுக்கு இடையே 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபை இணைப்பு எட்டியதிலும் அந்தக் குழுவின் மென்பொருளுக்குப் பங்கு உண்டு. தமிழ்நாட்டு நோயாளிகளுக்காகப் பட்ட பாடு அவ்வளவு தூரம் போனது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

கம்பத்துக்கு நல்ல எர்த், கேபிளின் இரு முனைகளிலும் மின்னல் தடுப்பான் ஆகிய இரண்டிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். டிஷ்ஷுக்கு மின்சாரமும் தரவும் ஒரே கேபிளில் போகும். அதன் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

இப்போது நூலுக்கும் தென்னை உச்சிக்கும் இடையே 5 மீட்டர் இருக்கிறது. தென்னை வளர்ந்துகொண்டேதான் இருக்கும். ஆண்டுதோறும் மாங்காய் வரத்து தொடங்குவதற்கு முன் அந்தத் தோப்புக்குள் ஒரு நடை போய் வர வேண்டும் என்று சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். கம்பத்தை இன்னும் 2 மீட்டர் உயர்த்துவதற்கான குழாயை அவர் இப்போதே வாங்கி ஆலையில் வைத்துவிட்டார்.