அக்குபங்சர்: ஊசி, குத்து, விட்டுப்போன சூடு

நாகர்கோவில் பெயர்ப்பலகைகளில் இந்தச் சொல்லுக்கு ஒரே எழுத்துக்கூட்டல் கிடையாது. அக்குபங்சர், அக்குபஞ்சர், அக்குபங்க்சர், சில இடங்களில் இரண்டாகப் பிரிந்து ‘அக்கு பஞ்சர்’. பிரிந்து நிற்பதைப் பார்த்து சைக்கிள் கடை ஞாபகம் வந்தால் தப்பில்லை, வேர் ஒன்றுதான். லத்தீனில் ‘அகுஸ்’ என்றால் ஊசி, ‘புங்க்தூரா’ என்றால் குத்து. டயரில் ஆணி ஏறுவதற்கும் தோலில் ஊசி இறங்குவதற்கும் பெயர் அங்கிருந்தே வந்தது. ‘அக்குவேறு ஆணிவேறாக’ என்கிறோமே, அந்த அக்குவுக்கும் இதற்கும் உறவில்லை.

சிகிச்சை சீனத்துடையது, பெயர் ஐரோப்பாவுடையது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வில்லம் டென் ரைனே 1674 முதல் 1676 வரை ஜப்பானில், நாகசாகியை ஒட்டிய தெஜிமாவில் இருந்தார். அங்கே கண்டதை 1683-இல் லண்டனில் அச்சான லத்தீன் நூலில் இந்தப் பெயரோடு எழுதினார். (1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றதும் இதே கம்பெனிதான்.) சீனர்கள் சொல்வது ‘ஜென்ஜியு’. ஜென் என்றால் ஊசி, ஜியு என்றால் சூடு. மாசிபத்திரி இனத்து இலையைக் காயவைத்து, இடித்துப் பஞ்சாக்கி, புள்ளியின்மேல் கனலவைப்பார்கள். தோவாளைப் பூச்சந்தைக்கு வரும் மரிக்கொழுந்தும் அதே தாவரப் பேரினம். லத்தீன் பெயர் ஊசியை எடுத்துக்கொண்டு சூட்டை விட்டுவிட்டது. அதனால் ‘முழுப் பயிற்சி’ என்று விளம்பரம் செய்யும் பாடத்திட்டம் கைக்கு வந்தால் முதலில் தேட வேண்டியது இந்த விட்டுப்போன பாதியைத்தான்.

தமிழில் ‘குத்தூசி மருத்துவம்’ ஊன்றிவிட்டது. பொருள் சரி, படம் தவறு. குத்தூசி என்றால் கூரைக்கு ஓலை தைப்பது, சாக்கு தைப்பது. சிகிச்சை ஊசியோ பெரும்பாலும் 0.25 மி.மீ. கனமும் 25 அல்லது 40 மி.மீ. நீளமும் கொண்ட, துளையில்லாத மெல்லிய கம்பி. இன்ஜெக்‌ஷனுக்கு எடுக்கும் 23 கேஜ் ஊசி 0.6 மி.மீ.க்கும் மேல், உள்ளே துளை வேறு. முதல்முறை வருகிறவரிடம் குத்தூசி என்று சொன்னால் பாதி உயிர் அங்கேயே போய்விடும். ‘ஊசி மருத்துவம்’ என்றாலோ ‘ஊசி போட்டாச்சா?’ என்கிற பேச்சோடு குழம்பும். ‘நுண்ணூசிச் சிகிச்சை’ என்பதே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இன்னொரு குழப்பம் நாமே உண்டாக்கியது. ஊசியே எடுக்காமல், நாடி பார்த்து விரலால் ஒரு புள்ளியைத் தொடுவதும் தமிழ்நாட்டில் அக்குபங்சர் என்றே வழங்குகிறது. குத்து இல்லாத இடத்தில் பங்சர் எப்படி வந்தது? அதைத் தொடு சிகிச்சை என்பதே நேர்மை. அழுத்தினால் அக்குபிரஷர், அதாவது அழுத்துமுறை. சொல் தளர்ந்தால் சான்றிதழும் தளர்கிறது. தொடுவதை மட்டும் கற்றவரின் சான்றிதழிலும் அக்குபங்சர் என்றே இருக்கும், அவர் கை ஊசியைப் பிடித்தே இருக்காது.

குமரி மாவட்டத்தில் இதைவிடப் பெரிய தடுமாற்றம், புள்ளியை ‘வர்மப் புள்ளி’ என்று மொழிபெயர்ப்பது. கல்குளம், விளவங்கோடு பக்கத்து ஆசான்மார் கணக்கில் வர்மம் 108: படுவர்மம் 12, தொடுவர்மம் 96. வர்மம் என்பது அடிபட்டால் கேடு வரும் இடம். ‘வர்மம் கொண்டுவிட்டது’ என்றால் இங்கே எல்லோருக்கும் விளங்கும். அதை எடுக்க அடங்கல் என்கிற மீட்புப் புள்ளிகளும் கட்டை இளக்கிவிடும் இளக்குமுறையும் தனியாக உண்டு. அக்குபங்சர் உடம்பின்மேல் கோடுகளாக வகுத்திருக்கும் பாதைகளில் உள்ள புள்ளிகள் 361. அவை சிகிச்சைக்கென்று ஊசி வைக்கும் இடங்கள். சில இடங்கள் உடம்பில் ஒன்றாக விழலாம், அதற்காக ஒன்றின் பெயரை மற்றதற்கு வைக்க முடியாது. ‘புள்ளி’ போதும்.

அளவுச் சொல்லில் மொழிபெயர்ப்புப் பிழை ஊசியையே இடம் மாற்றிவிடும். சீன அளவு ‘சுன்’. நோயாளியின் கட்டைவிரல் மூட்டின் அகலம் ஒரு சுன். பெருவிரல் தவிர்த்த நான்கு விரலும் சேர்ந்தால் மூன்று சுன். முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை பன்னிரண்டு. சுன்னை விரற்கடை என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? வயிற்றுப் பாதையின் 36-ஆம் புள்ளி முழங்கால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கக் குழியிலிருந்து மூன்று சுன் கீழே இருக்கிறது. அதை ‘மூன்று விரற்கடை’ என்று படித்தவர் ஒரு விரல் மேலேயே குத்துவார். பயிற்சியில் முதலில் தென்படும் தவறும் அளவில்தான்: தன் விரலால் நோயாளியை அளப்பது. ஆறடி ஆளின் விரல் குழந்தையின் காலுக்கு அளவுகோல் ஆகாது.

ஊசி இறங்கியதும் வரும் கனம், மரப்பு, இழுப்பு ஆகியவற்றைச் சேர்த்து ‘தெச்சி’ என்பார்கள். நம்மூர் தெச்சிப்பூ அல்ல. ‘ஊசிப் பிடிப்பு’ என்று சொல்லலாம். ஆனால் சுரீரென்று மின்னல்போல் ஓடினால் அது நரம்பில் பட்டதன் அடையாளம். உடனே ஊசியைச் சற்றுப் பின்னிழுக்க வேண்டும்.

பயிற்சி நேரத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டி அளவு தருகிறது. மருத்துவர் அல்லாதவருக்கு முழுப் பயிற்சி 2,500 மணி நேரம். மருத்துவருக்கு முழுப் பயிற்சி 1,500. தம் துறைக்குள் துணை முறையாக மட்டும் பயன்படுத்தும் மருத்துவருக்கும் பல் மருத்துவருக்கும் குறைந்தது 200. ஞாயிற்றுக்கிழமை வகுப்பை ஆறு மணி நேரம் வீதம் கணக்குப் போட்டால் 200 மணி நேரத்துக்கே 34 ஞாயிறு வேண்டும். மூன்றே ஞாயிற்றில் கையில் தருவதைக் கலந்துகொண்டதற்கான சான்று என்று சொல்லலாம், தேர்ச்சிச் சான்று என்று சொல்ல முடியாது.

மணி நேரத்தைவிட முக்கியம் கைப்பழக்கம். முதலில் பஞ்சுருண்டையிலும் காகித அடுக்கிலும் குத்திப் பழகி, பிறகு தன் காலில், அதன்பின் சக மாணவர் மேல். 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, காயும்வரை பொறுக்க வேண்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும், கிருமி சாகவும் நேரம் போதாது. தோள் மேட்டில் உள்ள பித்தப்பைப் பாதையின் 21-ஆம் புள்ளியில் நேராக ஆழமாக இறக்கினால் நுரையீரல் உச்சியில் ஓட்டை விழலாம். நெஞ்சிலும் மேல்முதுகிலும் சாய்வாக, ஆழமில்லாமல். கர்ப்பிணிக்குக் கட்டைவிரல் இடுக்குப் புள்ளி வேண்டாம். பசியோடு உட்கார்ந்த நிலையில் ஊசி வாங்குகிறவர் மயங்கி விழலாம். அப்படி விழுந்தால் எல்லா ஊசியையும் எடுத்துவிட்டுப் படுக்கவைத்து, காலை உயர்த்த வேண்டும். தசை இறுகி ஊசி சிக்கினால் இழுக்கக் கூடாது, சுற்றிலும் தடவிச் சிறிது நேரம் விட்டால் தளரும். வைத்த எண்ணிக்கையும் எடுத்த எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். தலைமுடிக்குள் ஒன்று தங்கிப்போவது உண்டு. ஒருமுறை பயன்படுத்திய ஊசி, குத்தித் துளைக்க முடியாத வெள்ளை நிற ஒளிகசியும் பெட்டிக்குள் போக வேண்டும்.

கடைசியாகச் ‘சான்றிதழ்’. படிப்பு முடித்ததற்குச் சான்றிதழ், தொழில் செய்யப் பதிவு. இரண்டும் வேறு. 2003 நவம்பர் 25 தேதியிட்ட மத்திய அரசு ஆணை, பதிவு பெற்ற மருத்துவர்களும் தக்க பயிற்சி பெற்றவர்களும் அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாகச் செய்யலாம் என்றது. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ முறையில் இல்லாதவர் ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்வதையும் தடுத்தது. 2019-இல் அக்குபங்சர் தனிச் சிகிச்சை முறையாக ஏற்கப்பட்டது. மேற்கு வங்கத்தில் 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் மகாராஷ்டிரத்தில் 2015-ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்கென்றே உண்டு. வெளிநாடு போகும் நர்ஸ்களும் பிசியோதெரபிஸ்ட்களும் இந்த மாவட்டத்தில் ஏராளம். இங்கே வாங்கிய சான்றிதழ் அங்கே தானாக உரிமம் ஆகிவிடாது. பிசியோதெரபிஸ்ட் கற்கும் ‘உலர் ஊசி’, இறுகிய தசை முடிச்சைக் குறிவைப்பது. மருந்து செலுத்தாததால் உலர். ஊசி ஒன்றே, பாதையும் புள்ளியும் அதில் இல்லை. அந்தச் சான்றிதழைக் காட்டி அக்குபங்சர் என்று பலகை வைக்கக் கூடாது. மருத்துவர் அல்லாதவர் முறையாகக் கற்றிருந்தால் பலகையில் எழுத வேண்டியது ‘அக்குபங்சர் சிகிச்சையாளர்’, கீழே பயிற்சி பெற்ற மணி நேரம்.