விலங்கு இன்சுலினை உடல் எப்படி அடையாளம் கண்டது?

மனித இன்சுலின் என்ற புரதத்தில் 51 அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தின் அடிப்படை அலகுகள், இருக்கின்றன. பன்றி இன்சுலினில் ஒரே ஒன்று மட்டும் வேறு. மாட்டு இன்சுலினில் 3 வேறு. இவ்வளவு நெருங்கிய உறவு இருந்ததால்தான், 1922 முதல் பல பத்தாண்டுகள் விலங்குக் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின் எத்தனையோ நீரிழிவு நோயாளிகளைக் காப்பாற்றியது. சர்க்கரையைக் குறைப்பதில் அதற்குக் குறையே இல்லை. ஆனாலும் நோயெதிர்ப்பு மண்டலம் அந்தச் சின்ன வித்தியாசத்தைக் கவனித்துவிட்டது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் நியூயார்க்கைச் சேர்ந்த சாலமன் பெர்சனும் ரோசலின் யாலோவும். கதிரியக்க அயோடின் ஏற்றிய இன்சுலினைச் செலுத்திப் பார்த்தார்கள். ஏற்கெனவே இன்சுலின் ஊசி போட்டவர்களின் ரத்தத்தில் அது வெகுநேரம் தங்கியது. நோயெதிர்ப்பு மண்டலம் உருவாக்கும் ஆன்டிபாடி என்ற புரதங்கள் அதைப் பிடித்து வைத்திருந்தன! இவ்வளவு சின்னப் புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி உருவாகாது என்று அன்று பலர் நம்பினார்கள். கட்டுரையை வெளியிடவே சிரமப்பட வேண்டியிருந்தது. 1956இல் அது வெளிவந்தது. ஹார்மோன்களை அளக்கும் ஒரு புதிய முறையே அதிலிருந்து பிறந்தது. அதற்காக யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்குள் இறந்துவிட்டார் என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஆன்டிபாடி பிடித்த இன்சுலின் அழிந்துவிடுவதில்லை, கிடங்கில் போட்ட சரக்கு மாதிரி காத்திருக்கிறது. சாப்பிட்ட பிறகு தேவைப்படும்போது போதாமல் போகலாம்; அப்புறம் சில மணி நேரம் கழித்து விடுபட்டு, சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கலாம். பெரும்பாலானோருக்கு இது பெரிய சிக்கலாகவில்லை. மிகச் சிலருக்கு மட்டும் தினமும் 200 யூனிட்டுக்கு மேல் தேவைப்பட்டது.

என் பார்வையில், விலங்கு என்பதைவிட அசுத்தமே பெரிய வில்லன். பழைய மருந்தில் இன்சுலினின் முன்வடிவமான புரோஇன்சுலின், சர்க்கரையை உயர்த்தும் ஹார்மோனான குளுகோகான் போன்றவையும் கலந்திருந்தன. புரோஇன்சுலினில் இன்சுலினின் இரு சங்கிலிகளை இணைக்கும் துண்டு விலங்குக்கு விலங்கு நிறையவே மாறும், அதனால் எதிர்ப்பும் அதிகம். ஊசி போட்ட இடத்தில் கொழுப்பு கரைந்து குழி விழுவதும் இந்த எதிர்ப்பின் விளைவுதான். 1970களில் நன்கு சுத்திகரித்த பன்றி இன்சுலின் வந்தபோது ஆன்டிபாடி வெகுவாகக் குறைந்தது. குழி விழுந்த இடத்திலேயே அதைப் போட்டபோது பலருக்குக் குழி நிரம்பியது.

1982இல் மரபணு மாற்றிய பாக்டீரியா தயாரித்த மனித இன்சுலின் வந்தது. அதற்கும் குறைந்த அளவில் ஆன்டிபாடி உருவாகிறது. தோலுக்கடியில் செலுத்துவதும், மூலக்கூறுகள் ஒன்றோடொன்று திரள்வதும் காரணங்கள். நோயெதிர்ப்பு மண்டலமே இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்கும் டைப் 1 நீரிழிவு நோயாளிகள் சிலருக்கோ முதல் ஊசிக்கு முன்பே இன்சுலினுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறது. டைப் 1 நோயைக் கண்டறிய அதை அளப்பதானால், இன்சுலின் தொடங்குவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும். ஊசி தொடங்கிய பின், இருப்பது எதனால் வந்த ஆன்டிபாடி என்று வழக்கமான பரிசோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது.